கீழ்வீட்டுச் சுவரில் விரிசல் இல்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையைக் கீழ்வீட்டுச் சமையலறைச் சுவரிலிருந்து சுட்டுக்கொண்டு வந்தேன். ஆம்பூரில் ரயில் பாதையை ஒட்டிய நாலு மாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடி என்னுடையது. நேர் கீழே, முதல் மாடியில் ஜஹீருன்னிசா தனியாக இருக்கிறார். ஷூ ஃபேக்டரியில் ஃபினிஷிங் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அவரை 'ஆபா' என்பேன். அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

புது ரயில் தடங்களுக்காக எங்கள் காம்பவுண்டிலிருந்து இருபதடி தள்ளிப் பாலத் தூண்கள் எழும்புகின்றன. ஒவ்வொரு தூணுக்கும் பூமியை ஆழமாகத் துளைக்கிறார்கள். துளைக்கிற நாளெல்லாம் என் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஓயாமல் கிணுகிணுக்கும்.

(கதையை முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: 'அந்த ராட்சச இயந்திரம் பூமியின் வயிற்றில்—' போதும். வயிறு வந்ததும் எனக்கே அலுத்துவிட்டது.)

2

மூன்று வாரம் முன்பு ஆபாவிடம் கறிவேப்பிலை கேட்கப் போனேன். அடுப்புக்கு மேலே, உத்தரம் சுவரில் வந்து உட்காரும் இடத்திலிருந்து ஜன்னல் வரைக்கும் ஒரு விரிசல். கடுகு நுழையும் அகலம். உத்தரத்துக்கு அடியில் உளுந்தே நுழையும்.

"எப்பலேருந்து ஆபா?"

"மெஷின் வந்ததுலேருந்துதான். இன்னா பண்றது, அதுவும் ஒரு பக்கம் இருந்துட்டுப் போவட்டும்."

[இங்கே என்னை நல்லவளாகக் காட்டும் பத்தி ஒன்று இருந்தது. அடித்துவிட்டேன்.] நான் செய்தது, செல்போனை எடுத்து நாலு படம் பிடித்தது மட்டும்தான். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை. இதை எப்படி வர்ணிப்பது என்றுதான் யோசித்தேன். கடுகு, உளுந்து எல்லாம் அன்றைக்குக் குறித்துவைத்ததுதான். எழுதுகிற புத்தி அப்படி.

3

பிறகு பாலம் கட்டுபவர்கள் நோட்டீஸ் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை வீடு வீடாக இன்ஸ்பெக்ஷன். விரிசல் கண்ட வீடுகளுக்கு அடுத்த தூணைத் துளைப்பதற்கு முன் இரும்பு முட்டுக் கொடுப்பார்கள், வேலை முடிந்ததும் சுவரையும் சரிசெய்து தருவார்கள்.

வெள்ளியன்று ஒப்பந்தக்காரரின் இன்ஜினியர் வசந்த் வந்தார். ஆபா வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தார், கொடுத்த டீயைக் குடித்தார், 'பாதிப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். நான் கீழே ஓடிப்போய்ப் பார்த்தால் நிஜமாகவே விரிசலைக் காணோம்.

[ஆம்பூர்க்காரர்கள் இந்த அடைப்புக்குறியைத் தாண்டிவிடலாம். சரக்கை வாங்கும் பையர் சோதித்துப் பார்க்க வரும் நாளுக்கு முன்னால் ஷூவில் உள்ள கீறல், பசைக்கறை, நிறம் போன இடம் எல்லாவற்றையும் மெழுகும் வண்ணமும் வைத்துத் தெரியாமல் ஆக்குவது ஃபினிஷிங் மேஜையின் வேலை. இன்ஸ்பெக்ஷன் என்று காதில் விழுந்தால் போதும், இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கை தானாகத் துணியைத் தேடும்.]

"எப்படி ஆபா பண்ணீங்க?" கோபமாகக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆர்வம்தான்.

"பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். கலர்தான் பேஜார். பழைய செவுரு பாரு, பொகை புடிச்சிருக்குதில்ல? பெயின்ட்ல மஞ்சத்தூள் கலந்தேன், ஜாஸ்தியாப் போச்சி. அப்பறம் டீ டிகாஷன். பிரஷ் போடக் கூடாது, கோடு தெரியும். பஞ்சால ஒத்தணும்." சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இன்ஜினியர் அதே இடத்தில் ரெண்டு தடவை டார்ச் அடித்தாராம்.

"ஆபா, அவங்க விரிசலைப் பாக்கத்தானே வந்தாங்க?"

பஞ்சை மடித்து வைத்தார். "இன்ஸ்பெக்ஷன்னா ரெடி பண்ணித்தானே வெக்கணும்? ரிஜெக்ட்னு எழுதி, காலி பண்ணுன்னுட்டா நான் எங்க போவேன்?"

4

இந்த இடம் வரை படித்த என் தோழி, "ஆபா பாத்திரம் நம்பும்படி இல்லை. நோட்டீஸில்தான் தெளிவாகப் போட்டிருக்கிறதே" என்றாள். நானும் ஒரு ராத்திரி முழுக்க அவளோடு சேர்ந்து சந்தேகப்பட்டேன். ஆபாவை நோட்டீஸ் படிக்கத் தெரியாதவராக மாற்றிப் பார்த்தேன். அது பொய். அவர் முழுக்கப் படித்தார், எனக்கே வாசித்துக் காட்டினார். படித்துவிட்டுத்தான் பட்டி வாங்கப் போனார்.

சனிக்கிழமை முட்டுக் கொடுக்கும் வீடுகளின் பட்டியல் வந்தது. முதல் மாடியில் ஆபா வீடு மட்டும் அதில் இல்லை. வசந்துக்குப் போன் செய்து, பூசுவதற்கு முன் அங்கே விரிசல் இருந்தது என்றேன்.

"பழைய படம் இருந்தா ஞாயித்துக்கெழம சாயந்தரத்துக்குள்ள அனுப்புங்க மேடம். திங்க காலைல ஒம்பது மணிக்கு மெஷின் ஆரம்பிச்சிடும். ஆனா வீட்டுக்காரம்மா மறைச்சிட்டாங்கன்னு நான் எழுதித்தான் ஆவணும். இல்லன்னா நான் ஒழுங்கா பாக்கலன்னு ஆயிடும்."

இதை ஆபாவிடம் சொன்னேன். பட்டியை நீங்களே சுரண்டிக் காட்டிவிடுங்கள் என்றும் கெஞ்சினேன்.

"என் டேபிளைத் தாண்டிப் போன ஷூ ஒண்ணு கூட திரும்பி வந்ததில்ல, தெரியுமா? கடைசில ஜஹீருன்னிசா ஏமாத்துனான்னு கவர்மென்ட் பேப்பர்ல எழுதணுமா? அந்தப் படத்தை நீ அனுப்புனின்னா என் வாசப்படியை மிதிக்காத."

"கதை எழுதறேன் ஆபா. அதுலயும் வருமே?"

"கதைல போட்டுக்கோ. பேரையும் மாத்தாத. பஞ்சால ஒத்துனதைக் கரெக்டா எழுது."

5

ஆக, சில முடிவுகள்.

திங்கள் வருகிறது, துளைக்கிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. நடக்கக்கூடியதுதான். ஆனால் இதை எழுதியபோது எனக்கு வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே கூச்சமாகிவிட்டது. மேலே குடியிருப்பது நானாயிற்றே, அதே உத்தரம்தானே என் தரையையும் தாங்குகிறது.

வசந்துக்குச் சந்தேகம் வந்து அவரே திரும்பி வருகிறார், சுவரைத் தட்டிப் பார்க்கிறார். வர மாட்டார். அவர் கையில் இன்னும் முப்பது கட்டடம் இருக்கிறது.

மூன்றாவது முடிவில் ஒன்பதே காலுக்கு ஆபா அடுப்பு முன் நின்று கொத்துமல்லி ஆய்ந்துகொண்டிருக்கிறார், மேலே உத்தரத்தில்— இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

6

இப்போது ஞாயிற்றுக்கிழமை, மாலை மணி ஐந்தே கால். நேற்று ஆபா வீட்டை விட்டு வரும்போது அந்த இடத்தை இன்னொரு முறை பார்த்தேன். பட்டிக்கு நடுவே முடி போலக் கோடு விட்டிருக்கிறது. அவர் கண்ணுக்கும் தெரிந்திருக்கும், தெரியாமல் இருக்காது.

நாலு படங்களையும் வசந்தின் எண்ணுக்கு இணைத்து வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. இவ்வளவு தூரம் கூட வந்துவிட்டீர்கள், நீங்களே சொல்லுங்கள். அனுப்பு என்றால் அனுப்பிவிடுகிறேன், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அனுப்பிய பிறகு ஒரு மாடி இறங்கிப் போய் அந்தக் கதவைத் தட்ட என்னால் ஆகாது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். ஆபாவே வந்து திறப்பார். உள்ளே வரச் சொல்வார், டீ போடட்டுமா என்று கேட்பார். குடிப்பதற்கு முன்னால், படம் போய்விட்டதைச் சொல்லிவிடுங்கள்.