அசையாத கட்டை

"இனிமே இது ஒரு மயிரிழை அசையாது பாரு!"

மனைவி கதவோரம் நின்றே எட்டிப் பார்த்தாள். "உங்க சின்ன வீடுதானே? நல்லாக் கட்டிக்கிட்டு அழுங்க. நான் போய்த் துணி மடிக்கிறேன்."

சின்ன வீடு என்று அவள் சொன்னது லேத்தை. மருந்துக்கடைக்காரரான அவர் மூன்று வருஷத்துக்கு முன் பொழுதுபோக்குக்கு வாங்கிய, இரும்பைச் சுழற்றிச் சீவும், மேஜைமேல் அடங்கும் சின்ன லேத். உளியைப் பிடிக்கும் மேல்பகுதி லொடலொடவென்று ஆடியது. இரும்பைத் தொட்டதும் கடகடவென நடுங்கும். சீவும் இரும்புத் தண்டு மீன் செதிலாக வரும். மூன்று வாரம் மல்லுக்கட்டியவர், அந்த மேல்பகுதியையே கழற்றிவிட்டு, அதன் இடத்தில் ஒற்றை இரும்புக் கட்டையை நான்கு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்.

கதவைச் சாத்தினார். ஸ்விட்சைப் போட்டார்.

வெண்ணெய் மாதிரி! உளி தானாக நகர்ந்து தண்டைச் சீவிக்கொண்டே போனது. நடுக்கம் இல்லை, கூச்சல் இல்லை. நீலச் சுருளாக இரும்பு கழன்று வந்தது. அதை விலக்க, கையுறை போட்ட வலது கையை நீட்டினார்.

பழைய மேல்பகுதியைவிடப் புதுக் கட்டை இரண்டு விரல் அகலம் கூட. உளிமேலேயே கண்ணாக இருந்தவர், தண்டைக் கவ்விச் சுழலும் 'சக்' என்ற தலையைக் கட்டையின் மூலை நெருங்கியதைப் பார்க்கவில்லை.

சுருள் கையுறையைக் கவ்வியது. கை உள்ளே போனது. சக்கின் தாடை ஒன்று விரல்களைக் கட்டைமேல் வைத்து நசுக்கிக்கொண்டு, 'டங்' என்று நின்றது.

மின்விசிறி ஓய்ந்தது. ட்ரிப்!

"ஆஆ...!"

கத்திய பிறகுதான் உறைத்தது. லேத் இழுத்துக் கரண்ட் போனால் அவர் கத்துவார்; அவள் முன்னறைக்குப் போய், ட்ரிப்பாகி விழுந்த மெயின் ஸ்விட்சைத் தூக்கிவிடுவாள். மூன்று வருஷப் பழக்கம். அக்கம்பக்கத்துக்குத் தொல்லை வேண்டாம் என்று கதவு முழுக்கப் பஞ்சு ஒட்டியிருந்ததால் வார்த்தை எதுவும் வெளியே போகாது. சத்தம் மட்டும்தான் போகும்.

வாயை இறுக மூடினார். வியர்வை கண்ணில் இறங்கியது.

லேத்தின் ஸ்விட்ச் சுவரோரம். இடது கை எட்டவில்லை. போன் சமையலறையில்.

திடீரென்று விசிறி ஒரு சுற்று சுற்றியது. சக் உறுமிக் குதித்தது. விரலுக்குள் ஏதோ நொறுங்கியது. மறுபடி ட்ரிப்.

உதட்டைக் கடித்தார். கத்தவில்லை. ஆனால் அவள் ஒரு தடவையோடு விடுகிற ஆள் இல்லையே!

சக்கை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கில் கை வழுக்கியது. பழைய மேல்பகுதியாக இருந்தால் இந்நேரம் தானே விலகிக் கொடுத்திருக்கும். இது கொடுக்கவில்லை. அவர் அப்படித்தான் இறுக்கியிருந்தார்.

பக்கத்துத் தட்டில் சக்கைத் திருகும் சாவி கிடந்தது. அதைச் சக்கின் துளையில் செருகிப் பின்னுக்கு நெம்பலாம். செருகியிருக்கும்போது கரண்ட் வந்தால் சாவி தோட்டாவாகப் பறக்கும். எதிரே இருப்பது அவர் முகம்.

செருகினார். கண்ணை மூடிக்கொண்டு எம்பித் தள்ளினார். அசையவில்லை. உடம்பையே சாய்த்துத் தள்ளினார். 'கிறீச்...' அரை அங்குலம். கையுறையை விட்டுக் கை உருவி வந்தது.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்.

வந்தது கரண்ட்.

சக் சுழன்று தாடை கட்டைமேல் மோதியது. காலிக் கையுறையின் மூன்று விரல்கள் துண்டாகித் தரையில் விழுந்தன. கட்டை மயிரிழை அசையவில்லை. மறுபடி ட்ரிப்.

சுவரைப் பிடித்துக்கொண்டு போய் லேத் ஸ்விட்சை அணைத்தார். வலது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எண்ணினார். ஐந்து. இரண்டு வீங்கிக் கோணியிருந்தன. மறுபடி எண்ணினார்.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் மனைவி, இடுப்பில் கை.

"ரெண்டு தடவை தூக்கிவிட்டேன், நிக்கவே மாட்டேங்குது. என்னங்க, பேச்சே காணோம்? கரண்ட் வந்துச்சா இல்லையா?"

அவருக்குப் பல் கிட்டியது.

"வந்துச்சு," என்றார்.