புளியில் ஊறிய காசு

சேதுபதியால் வலது தோளைத் தூக்க முடியவில்லை. விடிந்ததிலிருந்து ஆற்றங்கரையில் தொங்கான் படகுக்கும் கிடங்குக்கும் அரிசி மூட்டை. பலகைமேல் நடந்து நடந்து கெண்டைக்கால் கல்லாகியிருந்தது; கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கூட இருந்தவர்கள் கள்ளுக்கடைக்குப் போனார்கள். இவன் காஜா பேராங்கிலிருந்த வாடகை அறைக்கு ஏறக்குறைய ஓடினான். அடுப்படியில் சிரட்டைப் புளித்தண்ணீரில் ஒரு காசு ஊறிக்கொண்டிருந்தது.

காசு அவனுடையதல்ல. கம்போங் செட்டியில் குடியிருக்கும் அண்ணாமலையுடையது. நாளைக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு ஏலத்தில். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வருகிறது என்று கிடங்கு மேனேஜர் துரை முன்கூட்டியே ஊருக்குக் கிளம்பினார். மேசையும் மின்விசிறியும் அடித்துப்பிடித்துப் போயின. சிகரெட் டின் நிறையக் கிடந்த கறுத்த செப்புக்காசுகளை எவனும் தொடவில்லை. ரோமாபுரிக் காசு, ஆயிரத்தறுநூறு வருசத்துச் சரக்கு என்றார் துரை. சேதுபதி இரண்டு வெள்ளிக்கு எடுத்தான்.

"செல்லாத காசு வாங்கச் செல்லுற காசைக் குடுத்த ஆளு நீங்க ஒருத்தர்தான்," என்றாள் அவன் பெண்சாதி கோகிலா.

மூட்டைமேல் அடித்திருக்கும் எழுத்தைப் பார்த்தே ஏபிசி படித்தவன் அவன். காசில் அதே எழுத்துகள்தான், ஆனால் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. யூ வரவேண்டிய இடத்திலெல்லாம் வீ. உஜோங் பாசிரில் கோயில் மணியடிக்கும் போர்த்துகீசியக்காரன் பெட்ரோவிடம் கொண்டுபோனான். பெட்ரோ பூசை லத்தீனை வைத்துத் தடவித் தடவிப் படித்தான். "குளோரியான்னா மகிமை, நாங்க பாடுறதுதான். அடுத்தது பட்டாளம். பட்டாளத்தின் மகிமை." அதனால்தான் ஈட்டி பிடித்த இரண்டு சிப்பாய்கள். மறுபக்கம் ராஜா தலை, சுற்றிலும் பெயர். அங்கேதான் வம்பு. அப்பன் கான்ஸ்டன்டைனஸ், ஒரு மகன் கான்ஸ்டன்டியஸ், இன்னொருவன் கான்ஸ்டன்ஸ். பெயரின் வால் தெரியாவிட்டால் தலை யாருடையதென்று சொல்ல முடியாது.

அண்ணாமலை கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன இந்தச் செட்டிகளுக்கு வீட்டிலும் வெளியிலும் மலாய்தான் பேச்சு. சேதுபதியைக் கூப்பிடும் 'தம்பி' ஒன்றுதான் அவர் வாயில் ஓயாமல் வரும் தமிழ்; பதிலுக்கு இவன் மலாயில் 'பாங்' என்பான், அண்ணன் என்று. சேதுபதியின் காசுகளைப் பார்த்தவர், இதேபோல் ஒன்று தங்கள் சாமியறைப் பித்தளை டப்பாவில் கிடக்கிறது, கப்பலேறி வந்த மோயாங் மடியில் கொண்டுவந்தது என்றார். மோயாங் என்றால் அவர்களுக்கு முன்னோர். வருசத்துக்கு இரண்டு தடவை, பார்ச்சு என்னும் படையலன்று, அந்த முன்னோருக்கு இலை போடும்போது மட்டும் காசு வெளியே வரும்.

"படிச்சுச் சொல்லு, தம்பி. யார் பேர்னே தெரியாம இத்தனை காலம் கும்பிட்டுட்டோம். பழப் பார்ச்சுக்குள்ள காசு திரும்பி வந்துடணும்."

படித்தான். 'கான்ஸ்டன்' வரை துல்லியம். அதற்குமேல் பச்சைக்களிம்பு. தேங்காயெண்ணெயில் போட்டுவை, மாசக்கணக்கில் ஆகும் என்றான் பெட்ரோ. மூட்டை சுமக்கும்போதும் சோறு தின்னும்போதும் அந்த வால் சேதுபதியை அரித்தது. கடைசியில் இன்று காலை, வேலைக்குப் புறப்படுமுன், குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் காசைப் புளியில் போட்டுவிட்டான். விளக்கு பளிச்சென்று வரும்போது காசு வராதா?

வந்தது. அறைக்கு ஓடிவந்ததும் எடுத்துச் சாம்பல் தொட்டுத் தேய்த்தான். புதுச்செம்பாய் மின்னியது. ராஜாவைக் காணோம், சிப்பாய்களைக் காணோம், ஓர் எழுத்தும் இல்லை. களிம்பு வெறும் அழுக்கல்ல. எழுத்து நின்றதே அந்தத் தோலில்தான். தோலோடு போய்விட்டது.

கோகிலா எட்டிப் பார்த்தாள். "சுத்தமாத்தான் இருக்கு."

"வாயை மூடு."

"என்கிட்ட எதுக்குப் பாயுறீங்க? நேரா போய் அவர் காலைப் பிடிங்க."

அவன் சிகரெட் டின்னைத் தரையில் கொட்டினான். இரண்டு சிப்பாய் போட்ட காசு ஒன்று இருந்தது, ஏறக்குறைய அதே அளவு, கறுப்பு. அதில் பெயர் முழுசாக இருந்தது. கோகிலாவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வெளியே போனாள்.

மறுநாள் மத்தியானம் அண்ணாமலை வீட்டில் வாழையிலைகள் நிறைய டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான். சாம்பிராணிப் புகை. வாசலிலேயே அண்ணாமலை கையை நீட்டினார். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சின்னதாத் தெரியுதே?"

"அழுக்கு போச்சு, பாங்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அண்ணாமலை சிரித்தார். "சுதந்திரம் வந்தா நம்ம காசுல ராணி தலையை எடுத்துட்டு யாரைப் போடுவான்? உன் தலையைப் போட்டா அந்தச் சதுர ஒரு சென்ட் காசு பத்தாது, தம்பி. சரி, யாருன்னு படிச்சியா?"

"கான்ஸ்டன்டியஸ்."

"நிச்சயமா?"

"எழுத்து நல்லாத் தெரியுது, பாங்."

தெரியத்தான் செய்தது. அது பொய்யில்லை.

அண்ணாமலை காசை நடு இலையில் வைத்து, கண்ணை மூடி, முன்னோர்களை மலாயில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "வந்து சாப்பிடுங்க. உங்க காசுல இருக்கிற ராஜா பேரு இன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. கான்ஸ்டன்டியஸ்." வீட்டார் முணுமுணுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். வந்த முன்னோர்கள் சாப்பிட்டு எழும்வரை யாரும் இலையைத் தொடக்கூடாது. எல்லோரும் காத்திருந்தார்கள். சேதுபதியும் நின்றான், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி. வேட்டி மடிப்பில் மொட்டைக் காசு இடுப்பில் உறுத்தியது. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தான். அந்த நேரத்திலும் பாழாய்ப்போன மனசு கேட்டது: இதன் வால் என்னவாக இருந்திருக்கும்?

"என்ன தம்பி, எறும்பு கடிக்குதா?" காத்திருந்த நேரம் முடிய, அண்ணாமலை டுரியான் சுளையொன்றை எடுத்து அவன் கையில் வைத்தார். "முதல் சுளை உனக்குத்தான். எங்களுக்குப் பேர் கொடுத்தவன் நீ."

தின்றான். மேலே தண்ணீரைக் குடித்தான். காசைப் போட்டு மூடிய டப்பா சாமியறைக்குள் போனது. அவன் சொல்லவில்லை.

அண்ணாமலை வீட்டுக்குச் சேதுபதி ஒரு காசு பாக்கி: அவர்களுடைய மோயாங் கொண்டுவந்த காசு, முகமும் எழுத்தும் இருந்தபடி.