படகுக்குக் கோடித் துணி

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், திருமலைசாமியின் தோட்டத்துக் குட்டையில் எட்டுப் படகுகள் இருந்தன. தென்னந்தோப்பைச் சுற்றுலாப் பூங்காவாக மாற்றியபோது குட்டையையும் ஆழப்படுத்திப் படகுகளை இறக்கியிருந்தார். சனி, ஞாயிறுகளில் சரவணம்பட்டி கம்பெனிகளிலிருந்து ஆட்கள் வேனில் வருவார்கள். மற்ற நாட்களில் படகுகள் கரையில் நீல பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் கிடந்தன. வெயிலில் ஷீட்டுக்கு உள்பக்கம் வியர்த்து, இருக்கை மெத்தைகளில் கறுப்புப் பூஞ்சை படர்ந்தது. மேல்பக்கம் கொக்குகளும் நீர்க்காகங்களும் எச்சமிட்டன. காய்ந்த எச்சத்தைச் சுரண்டியதில் ஷீட்டும் கிழிந்தது.

காற்று போகிற பருத்தித் துணியால் மூடுவது என்று முடிவானது. துணிக்கு வெளியே போக வேண்டியிருக்கவில்லை. திருமலைசாமியின் மனைவி பங்காரம்மாவின் தம்பிக்குச் சோமனூரில் தறிகள் இருந்தன. அங்கே கெட்டியான பருத்திக் கேன்வாஸ் நெய்துகொண்டிருந்தார்கள். தைப்பதற்கு, உக்கடத்தில் லாரித் தார்ப்பாய் தைக்கும் ரசாக்கையும் அவர் மனைவி தாஜுன்னிசாவையும் கூப்பிட்டார்கள். முதலில் மோட்டார் படகுக்கு மட்டும் ஓர் உறை. ஆயுத பூஜையன்று போட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் மற்ற ஏழுக்கும் தைப்பதும், வருடம் முழுக்கத் துவைத்துப் பழுது பார்ப்பதும் அவர்களுக்கே.

இந்த வேலை கிடைக்க வேண்டும் என்பதில் ரசாக்கைவிடத் தாஜுன்னிசாவுக்குத்தான் தவிப்பு அதிகம். லாரித் தார்ப்பாயைத் தரையில் விரித்து, முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்துதான் ஒட்டுப் போட முடியும். அவருடைய வலது முட்டி வீங்கிக் கிடந்தது. தரையில் செய்கிற வேலையை விட்டுவிடும்படி எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். படகு உறை அவ்வளவு பெரியதில்லை. மேஜை மெஷினில் அடங்கிவிடும்.

அளவெடுக்கப் போன அன்று பங்காரம்மா துணிச் சுருளைக் காட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு அம்மணி. பூஜை முடியற வரைக்கும் இதுல தண்ணி படக் கூடாது. கோடியாத்தான் சாமி முன்னாடி வரோணும். எங்கூட்டுல எந்த மெஷின் வந்தாலும் நனைக்காத புதுத் துணியில மஞ்சள் தடவிப் போர்த்தித்தான் பூஜை போடுவோம்."

"சரிங்க்கா" என்றார் தாஜுன்னிசா. சொல்வதற்கு முன் சற்றுத் தயங்கினார். அதைப் பங்காரம்மா கவனித்ததாகத் தெரியவில்லை.

பட்டறைக்கு வந்ததும் ரசாக் துணியின் ஓரத்தை விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"தறியிலிருந்து எறங்கினது அப்படியே இருக்குது. நெய்யறதுக்கு முன்ன பாவு நூலுக்குப் போட்ட கஞ்சிகூடப் போகல. நனைஞ்சா இருபதடிக்கு ஓரடி சுருங்கும்."

"தெரியுதுங்க."

"அப்ப லூஸா தெச்சுப்போடலாம். மொத மழைக்கு அதுவா உக்காந்துக்கும்."

"பூஜையன்னைக்குப் பாத்துத்தான் முடிவு பண்றாங்க. அன்னைக்கு அப்பன் சட்டையை மகன் போட்ட மாதிரி தொங்குனா, மழை வர்ற வரைக்கும் காத்திருப்பாங்களா?"

"அந்தம்மாகிட்டயே கேட்டுரு."

"கேட்டா வேண்டாம்பாங்க."

"வேண்டாம்னா உட்டுரு. அவங்க துணி, அவங்க சாமி."

"முட்டி மட்டும் என்னோடதுங்க."

ரசாக் துணியை அவர் பக்கம் தள்ளினார்.

தாஜுன்னிசா துணியைத் தொட்டியில் ஊறப்போட்டார். தண்ணீர் பால் போலக் கலங்கியது. இரண்டு முறை அலசி மாடியில் காயவைத்து அளந்தபோது, ரசாக் சொன்னதைவிடக் கூடுதலாகவே சுருங்கியிருந்தது. அந்த அளவை வைத்து வெட்டித் தைத்தார். ஓரத்தை மடித்துக் கயிறு கோத்தார், கயிறு இழுபடும் இடங்களில் பித்தளைக் கண் அடித்தார். வேலை சுத்தமாக வந்தது. ஆனால் துவைத்த துணி துவண்டு கிடந்தது. கையில் எடுத்தால் புதுத் துணி என்று யாரும் நம்பமாட்டார்கள். எனவே சோறு குழைய வடித்து, கஞ்சியில் உறையை முக்கியெடுத்து, காய்ந்ததும் இஸ்திரி போட்டார். உறை அட்டை மாதிரி விறைத்து நின்றது.

"பிரியாணி அரிசியா போட்டே?" என்று கேட்டார் ரசாக்.

"ரேஷன் அரிசி. படகுக்கு அது போதும்."

ஆயுத பூஜையன்று பூங்காவில் உறவினர்களும் வேலையாட்களும் கூடியிருந்தார்கள். ரசாக்கும் தாஜுன்னிசாவும் உறையை மோட்டார் படகின் மேல் விரித்து, இரண்டு பக்கமும் கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். மூக்கிலிருந்து பின்பக்கம் வரை ஒரு சுருக்கம் இல்லை.

"பாய், அளவெடுத்துத் தெச்ச பேண்ட் மாதிரியல்லோ இருக்குது" என்றார் திருமலைசாமி. "எனக்குக்கூட எவனும் இப்படித் தெச்சதில்ல."

"உங்க வயித்துக்கு அளவு நிக்காதுங்கண்ணா, மாசாமாசம் மாறும்" என்றார் ரசாக். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பங்காரம்மா மஞ்சள் தட்டோடு வந்தார். மஞ்சள் தடவுவதற்காக உறையின் ஒரு முனையைத் தூக்கினார். விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்துவிட்டு மூக்கருகே கொண்டுபோனார். அவர் பிறந்த வீட்டுக்குப் பின்னாலேயே பாவுக்குக் கஞ்சி போடும் ஆலை இருந்தது. மரவள்ளி மாவும் கொழுப்பும் வேகும் வாடையில் வளர்ந்தவர்.

முனையைக் கீழே விட்டார். கணவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். திருமலைசாமி, "பூஜைக்குப் படகு தெரியட்டுமே" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி உறையைக் கழற்ற வைத்தார். மஞ்சளும் குங்குமமும் படகின் மூக்கில் விழுந்தன. சுண்டலும் பொரியும் வாங்கிக்கொண்டு கூட்டம் கலைந்த பிறகுதான் பங்காரம்மா அவர்களைக் கூப்பிட்டார்.

"ஏனம்மணி, இது நனைச்ச துணிதானே?"

"ஆமாங்க்கா. துவைச்சுப்போட்டேன்."

"அப்பறம் கஞ்சி போட்டிருக்கறே."

"போட்டேனுங்க."

"சோத்துக் கஞ்சி. சோமனூர்ல எந்தத் தறியில சோத்துக் கஞ்சி போடறாங்க?"

திருமலைசாமி சிரிப்பை அடக்கக் குட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி பார்த்த பார்வையில் அதுவும் நின்றது.

"துவைக்காமத் தெச்சா சுருங்கிப்போகுமுங்க" என்று ரசாக் தொடங்கினார்.

"அது எனக்குத் தெரியாதா பாய்? தறிக்காரர் ஊட்டுல பொறந்தவ நான்." தாஜுன்னிசா பக்கம் திரும்பினார். "எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா வேண்டாம்பீங்க."

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதனாலதானுங்க சொல்லல."

"லூஸா தெய்யி, மழைக்கப்பறம் பாத்துக்கலாம்னும் சொல்லியிருப்பேன். நான் பொறுக்கமாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்டே." பங்காரம்மா குரலை உயர்த்தவில்லை. "உறை நல்லாத்தான் இருக்குது. அதுல குத்தம் சொல்லல. நாளைக்கு உள்ள பூஞ்சை புடிச்சா, நீ தொடச்சு மறைச்சுப்போட்டு ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லமாட்டேன்னு நான் எதை வெச்சு நம்பறது?"

ரசாக் முட்டியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். அவர் கையைத் தொட்டுத் தாஜுன்னிசா நிறுத்தினார்.

"சோத்துக் கஞ்சி இருந்தா நிச்சயமா பூஞ்சை புடிக்குமுங்க. எலியும் கடிக்கும்" என்றார். "பூஜைதான் முடிஞ்சுதே. இதை இங்கயே அலசிப்போட்டுப் போறேனுங்க."

தாஜுன்னிசா பம்ப்செட் தொட்டியில் உறையை அமுக்கி, கஞ்சி பிசுபிசுப்பு போகும்வரை அலசினார். வெயிலில் போடாமல் இரண்டு தென்னைகளுக்கு நடுவே நிழலில் கயிறு கட்டி விரித்தார். ஈரத்தோடு மடிக்கக் கூடாது, பறவை எச்சத்தைச் சுரண்டாமல் தண்ணீரில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று வேலையாள் அங்கப்பனிடம் சொன்னார். பங்காரம்மா சற்றுத் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற ஏழு படகுகளைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ரசாக், "நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

"சொன்னீங்க" என்றார் தாஜுன்னிசா.

தீபாவளிக்கு முந்தைய வாரம் லாரித் தார்ப்பாய்கள் குவிந்தன. தாஜுன்னிசா தரையில் இருந்தார். முட்டிக்கடியில் பழைய தலையணை ஒன்றை வைத்து, ஒட்டுப் போட்டபடி அதையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தார். அப்போது தோட்டத்து டிரைவர் கிருபாசங்கர் வாசலில் வேனை நிறுத்தி ஏழு துணிச் சுருள்களை இறக்கத் தொடங்கினான். ஒவ்வொன்றின் முனையும் கையால் கிழித்தது போலப் பிசிறாக இருந்தது.

"ஏனுங்க்கா, அம்மா ஒவ்வொரு சுருள்லயும் ஒரு மொழம் கிழிச்சு எடுத்துட்டாங்க. சாமிக்குக் கோடி அதுதானாம். மீதியை நீங்க நனைச்சுக்கலாமாம்."

"வேற ஏதாச்சும் சொன்னாங்களா?"

"நனைக்கறப்ப போட்டோ அனுப்போணுமாம். துணி தண்ணிக்குள்ள கெடக்கறது தெரியோணுமாம்."

"நம்ம நிக்காஹ்வுக்குக்கூட இத்தனை போட்டோ எடுக்கல" என்றார் ரசாக்.

தாஜுன்னிசா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதல் சுருளைப் பிரித்துத் தொட்டியில் விட்டார். துணி முழுதாக அமிழ்ந்து தண்ணீர் வெளுக்கத் தொடங்கியதும் போனில் படம் எடுத்துப் பங்காரம்மாவுக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் படத்துக்குக் கீழே இரண்டு டிக்குகளும் நீலமாயின. போனை ஜன்னலில் வைத்துவிட்டு, குச்சியால் துணியை இன்னும் கொஞ்சம் அமுக்கினார்.