கழுவிய காலைக் கழுவுதல்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் பெரிய வியாழன் பூசையின்போது பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார்கள். இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவிய நினைவாக, டவுனிலிருந்து வரும் ஃபாதர் மண்டியிட்டு ஒவ்வொருவரின் வலது காலிலும் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுவார். அந்தப் பன்னிரண்டு பேரையும் வருடா வருடம் தெரிவுசெய்து வந்தவர் றோலண்ட் ஐயா. தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர், கோயில் கமிட்டித் தலைவர். அவரைப் பொறுத்தவரை சீடர்கள் என்பவர்கள் காலில் சப்பாத்துப் போடுகிறவர்கள். பேக்கரி முதலாளி, இரண்டு வாத்தியார்கள், ஃபெக்டரி ஆபீசர் என்று ஒரே பன்னிரண்டு பேர் பல வருடங்களாகக் கழுவப்பட்டு வந்தார்கள். உலகத்திலேயே இவ்வளவு சுத்தமான சீடர்கள் எங்கேயும் இருந்திருக்க மாட்டார்கள்.

இந்த வருடம் வந்த புதிய ஃபாதருக்கு இந்த ஒழுங்கு தெரியவில்லை. குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்ததும் பிஸ்கட் டின் ஒன்றில் எல்லோருடைய பெயரையும் எழுதிப்போட்டுக் குலுக்கினார். பதினோராவதாக வந்த சீட்டில் இசபெல் என்று இருந்தது. என் அம்மா கையிலிருந்த குருத்தோலையைச் சிலுவையாக மடித்துக்கொண்டிருந்தாள். பெயரைக் கேட்டதும் வேறு இசபெல் யாராவது இருக்கிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

ஃபாதரின் வேன் புறப்பட்டுப் போகும்வரை றோலண்ட் ஐயா பொறுமையாக இருந்தார். பிறகு பன்னிரண்டு பேரையும் மணிக்கூண்டின் கீழே நிறுத்திவைத்தார், காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்துவதுபோல.

"இந்த வருசம் பூசை ஃபேஸ்புக்ல லைவா போகுது. எங்க மகன் இத்தாலியில இருந்து பாப்பான், அவன் கூட்டாளிமாரெல்லாம் பாப்பாங்க. அதனால எல்லாரும் காலைச் சுத்தமா வச்சிக்கணும். புதன்கிழம பின்னேரம் ஒத்திகை. அன்னைக்கு எல்லார் காலையும் நான் பாப்பேன். சரியில்லன்னா ஆளை மாத்துவோம்."

"அய்யா," என்றாள் அம்மா, "ஃபாதர் சாமி நம்ம காலைக் கழுவத்தானே கூப்புடுறாரு?"

"ஆமா."

"கழுவுன காலை அவரு எதுக்கு மறுபடி கழுவணும்?"

யாரோ சிரித்தார்கள். றோலண்ட் ஐயாவின் மனைவி பிலோமினா டீச்சர் முன்னால் வந்தார். "ஏன் இசபெல், பல்லு டாக்டர்கிட்ட போறப்ப பல்லு வெளக்கிட்டுத்தானே போறோம்?"

அம்மா பல் டாக்டரிடம் ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள், பல்லைப் பிடுங்கிக்கொள்ள. 

அன்று பின்னேரமே டீச்சரின் குரல், கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நாலு நிமிடமும் சில விநாடிகளும். பாதத்தை மிருதுவாக்கும் இயற்கை முறை. இளஞ்சூடான தண்ணீரில் இரண்டு கப் பால், மூன்று கரண்டி தேன், எலுமிச்சம் சாறு, ஒரு பிடி உப்பு, ரோசாப்பூ இதழ். அரை மணித்தியாலம் காலை ஊறவைக்க வேண்டும். "எல்லாம் நம்ம குசினியிலயே இருக்கிற சாமான்தான், பிள்ளைகளே," என்றார். கடைசியில், "நல்லா திக்கா தேயிலைச் சாயமும் சேத்துக்கலாம், கால் நாத்தம் போயிரும். தேயிலைத் தோட்டத்துல இருந்துக்கிட்டு அதப் பாவிக்காம இருக்கலாமா?" என்று சிரித்தார். தேயிலையை அவர் பாவிப்பதும் நாங்கள் பாவிப்பதும் ஒன்றுதான் என்பதுபோல ஒரு சிரிப்பு.

எங்கள் குசினியில் உப்பு இருந்தது. அட்டை கடித்தால் தேய்க்கிற உப்பு. பாதி எலுமிச்சை, ஒரு துண்டு இஞ்சி, தோட்டத்தில் கொடுக்கிற தேயிலைத் தூள் இருந்தன. தேன் இருந்ததில்லை. பால் என்றால் பால்மா பக்கெட்.

"பால்மாவா, காலுக்கா?" என்றாள் அம்மா. "டீச்சரோட காலு பால் குடிக்குமாக்கும்."

இப்படிப் பேசினாலும் திங்கட்கிழமை மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் அவளே அடுப்பில் தண்ணீரை ஏற்றினாள். நான் ஆச்சரியமாகப் பார்த்தேன்.

"என்ன பாக்குற? என் காலை இதுவரைக்கும் யாரு தொட்டிருக்கா? ஆணி குத்துனப்ப ஆஸ்பத்திரி டிரெசரு ஒரு தரம் பாத்தாரு, அதுவும் குச்சியால தள்ளித் தள்ளி. உங்கப்பா செத்துப்போற வரைக்கும் என் மூஞ்சியவே சரியா பாத்ததில்ல. பேரு எழுதிப்போட்டு, சாமியே எடுத்துக் கூப்புட்டுருக்காரு. அந்தக் கதிரையில ஒரு தரம் ஒக்காந்துட்டு வந்துர்றேன்."

அவளுக்கு அந்தக் கதிரை வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உடனே நான் நிபுணியாகிவிட்டேன். டீச்சரின் குரலை மூன்று தடவை கேட்டேன். பால், தேன், ரோசா மூன்றும் இல்லாத குறையைத் தேயிலையால் ஈடுகட்டலாம் என்று முடிவுசெய்து ஐந்து பிடி தூளைப் போட்டுக் கொதிக்கவைத்தேன். கால் வைப்பதற்கு எங்களிடம் இருந்தது நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்த பழைய இரும்புச் சட்டி. துருவைத் தேங்காய்த் தும்பால் தேய்த்தேன், போன மட்டும் போனது. சட்டியில் ஒரு கால்தான் நுழைந்தது. ஃபாதர் கழுவுவது வலது கால் என்பதால் வலது காலையே வைக்கச் சொன்னேன்.

"எடது காலு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் அம்மா.

அரை மணித்தியாலம் போதாது என்று ஒன்றரை மணித்தியாலம் இருத்திவைத்தேன். அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள். சூடான தண்ணீரில் காலை வைத்துச் சும்மா இருப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, முன்பின் தெரியாத ஓர் ஊரில் ரயிலுக்குக் காத்திருப்பவள்போலத் தூங்கினாள்.

காலை வெளியே எடுத்தபோது அது கறுப்பாக இருந்தது. அம்மாவின் நிறம் கறுப்புத்தான், இது வேறு கறுப்பு. கணுக்கால்வரை மைக்கூட்டில் முக்கியெடுத்தது போன்ற கறுப்பு. நகங்கள் ஊதா. குதிகாலின் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாக மை ஊற்றி வரைந்ததுபோலத் தெரிந்தது. உயர்தரப் பரீட்சையில் வேதியியலுக்கு 'எஸ்' என்கிற மட்டுமட்டான பாஸ் எடுத்துத் தப்பியவள் நான். தேயிலைச் சாயமும் இரும்பும் சேர்ந்தால் மை வரும் என்று ஆறு மாதம் படித்து, பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். அந்தப் படிப்பின் பிரயோசனம் என் கண்முன்னால் நின்றது, ஐந்து விரல்களோடு.

"போயிரும்மா," என்றேன்.

"போகாட்டியும் பரவாயில்ல. காலுக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்ச மாதிரி இருக்கு," என்றாள் அம்மா. ஆனால் விளக்கருகே போய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை பாதி எலுமிச்சையை வைத்துத் தேய்த்தேன். அட்டை கடித்த இடங்களிலும் வெடிப்புகளிலும் சாறு இறங்கியது. அம்மா உட்கார்ந்திருந்த பலகையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். மை அங்கங்கே வெளுத்து அங்கங்கே நின்றது. முன்பு கறுப்பாக இருந்த கால் இப்போது சொறி பிடித்ததுபோலவும் இருந்தது. இயற்கை முறை முழுமையாக நிறைவேறிவிட்டது.

புதன்கிழமை ஒத்திகையில் பன்னிரண்டு கதிரைகள் பலிபீடத்தின் முன்னால் வரிசையாக இருந்தன. பன்னிரண்டு பேரும் வலது காலை நீட்டினார்கள். றோலண்ட் ஐயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். கொழுந்துக் கூடையில் முற்றல் இலை இருக்கிறதா என்று பார்க்கும் அதே பார்வை. கிழவர் ஜெரோமியின் கால் நாலு நாள் ஊறியதில் தோல் சுருங்கி, பிறந்த குழந்தையின் முகம்போல இருந்தது. "பரவாயில்ல," என்றார் ஐயா. லொறி ஓட்டும் ஜூலியன் ஊறவைக்கவே இல்லை. பவுடர் கொட்டிக்கொண்டு வந்திருந்தார். "வெள்ளையா தெரியுது. நல்லது," என்றார் ஐயா.

அம்மாவிடம் வந்து நின்றார்.

"இது என்ன இசபெல், காலா டயரா?"

"டீச்சரு சொன்ன மருந்துதாங்க அய்யா."

"நான் டயருக்கா சொன்னேன்?" என்றார் பின்னால் நின்ற டீச்சர். கமிட்டி சிரித்தது. கமிட்டியின் வேலையே அதுதான்.

"வருத்தப்படாத இசபெல்," என்றார் றோலண்ட் ஐயா. மிகவும் அன்பாகச் சொன்னார், அதுதான் அருவருப்பாக இருந்தது. "பொம்பளைங்கள்ல ஒருத்தர் கொறையக் கூடாது, அதனால டீச்சர் ஒன் எடத்துல ஒக்காரட்டும். நீ கால் தொடைக்கிற துவாயப் புடிச்சிக்க. சாமிக்குப் பக்கத்துலயே நிக்கலாம். அதுவும் பாக்கியந்தானே?"

பாக்கியத்தைப் பங்குபோடுவதில் அவருக்கு நிகர் யாருமில்லை. அம்மாவின் கதிரையருகே நின்ற நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். மடித்த வெள்ளைத் துவாயை வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவள் வழக்கம்போல மலைக்குப் போனாள். மத்தியானம் மழை பெய்தது. நாலரைக்கு வந்து முகம் கழுவி, தலை சீவி, மாதா திருநாளுக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டினாள். காலைக் கழுவவில்லை. நான் நினைவுபடுத்தியதும், "துவாய் புடிக்கிறவளுக்குக் கால் எதுக்கு?" என்றாள்.

கோயிலில் றோலண்ட் ஐயாவின் ஃபோன் மூன்று கால்களில் நின்றுகொண்டிருந்தது. அன்றைக்குக் கோயிலில் இருந்த கால்களிலேயே அவருக்கு முழுத் திருப்தி தந்தவை அவையாகத்தான் இருக்கும். "லைவ் போட்டாச்சு," என்று அவர் மெதுவாகச் சொன்னதுதான் தாமதம், தூண் பக்கம் நின்ற அம்மா நேராக நடந்துபோய்ப் பதினோராவது கதிரையில் உட்கார்ந்தாள்.

வலது செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கதிரையை நோக்கி வந்துகொண்டிருந்த பிலோமினா டீச்சர் நடுவழியில் நின்றார். றோலண்ட் ஐயா கமராவைப் பார்த்துச் சிரித்தபடியே குனிந்தார். முன்வரிசையில் இருந்த எனக்கு எல்லாமே கேட்டது.

"எந்திரி இசபெல்."

"லைவ் போகுதுங்க அய்யா. சிரிச்சிக்கிட்டே இருங்க."

"சொன்னாக் கேளு. டீச்சர் நிக்கிறாங்க."

"பேரு வந்தது எனக்குத்தானே. டீச்சர்," என்று அம்மா துவாயை நீட்டினாள், "இதக் கொஞ்சம் புடிங்க."

இத்தாலி பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் பிடித்துக்கொண்டார்.

ஃபாதர் வந்தார். இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு முதல் கதிரையின் முன் மண்டியிட்டார். காலுக்குக் கீழே வெள்ளைப் பேசினைத் தள்ளுவதும், ஜக்கிலிருந்து ஊற்றுவதும், துடைப்பதும் மளமளவென்று நடந்தன. கழுவ எதுவும் இல்லாதபோது கழுவுவது சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பத்துக் கால்களைக் கழுவிய பிறகும் பேசினில் இருந்த தண்ணீரை அப்படியே குடிக்கலாம்போல இருந்தது. ரோசாப்பூ வாசனைகூட வந்தது.

பதினோராவது கதிரைக்கு வந்ததும் அம்மா வலது காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு இடது காலை நீட்டினாள். "வலது, வலது," என்று றோலண்ட் ஐயா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது லைவில்கூடக் கேட்டிருக்கும். அந்தக் கால் யாருடைய செய்முறையும் படாத கால். விரலிடுக்கில் மலைச் சேறு இருந்தது. கணுக்காலில் அன்றைக்குக் கடித்த அட்டையின் ரத்தம் காய்ந்திருந்தது. வெடிப்புகள் வெடிப்புகளாகவே இருந்தன.

ஃபாதர் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஊற்றினார். பேசினில் மண் இறங்கியது. முதல் தடவையாகத் தண்ணீர் கலங்கியது. அவர் ஜக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையால் தேய்த்தார், குதிகாலை, பிறகு ஒவ்வொரு விரலிடுக்காக. ஜக்கு காலியானதும் இன்னொன்று கேட்டார். டீச்சர் ஓடிப்போய் மொண்டுகொண்டு வந்தார். பாட்டுக் குழுவினர் பாட்டு முடிந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அதையே முதலிலிருந்து பாடினார்கள். அம்மா கண்ணை மூடவில்லை. தன் காலை ஒரு மனிதன் கையில் பிடித்திருப்பதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து ஜூலியனின் பவுடர் கால். தண்ணீர் பட்டதும் மாவு கரைத்ததுபோல வழிந்தது. அதற்குள் ஃபோனைத் திருப்பி மாதா சுரூபத்தைக் காட்டத் தொடங்கியிருந்தார் றோலண்ட் ஐயா.

பூசை முடிந்து நாங்கள் இறங்கும்போது தூறிக்கொண்டிருந்தது. கமிட்டியில் யாரும் எங்களோடு பேசவில்லை. அது அந்த வாரம் முழுவதற்கும் கிடைத்த நிம்மதி. கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டேன்.

"ஏம்மா எடது காலை நீட்டுன? வலது கால் கறுப்பா இருக்குன்னா?"

"வலது காலத்தான் நீயும் டீச்சரும் ஏற்கனவே கழுவிட்டீங்களே," என்றாள்.

பாதை நெடுகக் குழிகளில் தண்ணீர் நின்றது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, கறுப்பு வலது காலைக் கூசாமல் சேற்றுக்குள் வைத்து, இடது காலை மட்டும் கல்லுக்குக் கல் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தாள்.