ஐந்து மூச்சுக்கு ஒரு குரல்

மைசூர்க் கல்லூரியின் யோகா கூடத்தில், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் தலையில் மட்டும் நிற்கிறவன் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால் கழுத்து அசையும்; கழுத்து அசைந்தால் அப்புறம் பேசப்போவது டாக்டர்தான். ஆகவே முதுகுப்பக்கம் காவல் நிற்கிற துணையாள்தான் பேசுவான். ஐந்து மூச்சுக்கு ஒருமுறை "இருக்கேன்" என்பான். எட்டு மாதமாக மாதேவசாமிக்கு அதைச் சொல்லிவந்தவன் நஞ்சுண்டா. சனிக்கிழமை ஜோடிப் போட்டி. இவர்கள்தான் ஜோடி என்பதில் கேன்டீன்காரருக்குக்கூடச் சந்தேகமில்லை. ஒருவன் தலை தெரிந்தாலே இரண்டு பிளேட் செட் தோசை போட்டுவிடுவார்.

வியாழக்கிழமை காலை, நாலாக மடித்த கம்பளியில் உச்சந்தலையைப் பதித்துக் கால்களை உயர்த்தி, ஒவ்வொரு கையாக நீட்டினான் மாதேவசாமி. ஐந்து மூச்சு ஆயிற்று.

"இருக்கேன்."

குரல் முன்னாலிருந்து வந்தது.

தலைகீழாக நிற்பவனுக்கு உலகம் முழுக்கப் பாதங்கள்தாம். கூடத்தின் எதிர்க்கோடியில், கூடப் படிக்கும் சின்மயாவின் சிவப்பு விரிப்பருகே இரண்டு பாதங்கள். வலது கணுக்காலில் கறுப்புக் கயிறு. நஞ்சன்கூடு கோயிலில் அதைக் கட்டிவிட்டதே மாதேவசாமிதான்.

கோபம் வந்தது. ஆனால் கோபத்தோடு இறங்கக்கூடாது. ஒரு கை, பிறகு மறு கை, முழங்கால்களை மடக்கி, கால்விரல்நுனி தரையில். அப்போதும் நிமிர முடியாது. நெற்றியைத் தரையில் வைத்துப் பத்து மூச்சு கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் தலைசுற்றும். துரோகம் செய்தவன் காவல் நின்றிருக்க வேண்டிய இடத்தை விழுந்து கும்பிட்ட கோலத்திலேயே எண்ணிக்கொண்டு கிடந்தான். ஏழாவது மூச்சில் மாஸ்டர் போட்டிப் பட்டியலைப் படித்தார். நஞ்சுண்டாவும் சின்மயாவும் ஒரு ஜோடி. மாதேவசாமி உபரி ஆள்.

நஞ்சுண்டா வந்து குந்தி உட்கார்ந்தான். கழுத்து பிடித்துக்கொண்டதா என்று விசாரித்தான். உண்மையான அக்கறையோடுதான்.

"எப்போலேர்ந்துடா?"

"பேரு திங்கக்கெழமையே குடுத்துட்டேன். ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல குரு."

"பேரைக் கேக்கல. பின்னால ஆளே இல்லாம எத்தனை நாளா நிக்கிறேன்?"

நஞ்சுண்டா விரல்விட்டு எண்ணினான். "இன்னியோட நாலு. மத்த நாளெல்லாம் பின்னாடி கதவுகிட்டேர்ந்து சொன்னேன். இன்னிக்குத்தான் பக்கம் மாறிப்போச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ விழவே இல்லையேடா," என்றான்.

மாதேவசாமி கம்பளியை எடுத்துக்கொண்டு முதலாமாண்டுப் பையன்கள் பழகும் சுவரோரம் போனான். அவர்கள் நகர்ந்து இடம்விட்டார்கள். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி மறுபடி தலையை ஊன்றினான். யார் யாருடைய குதிகாலோ பட்டுக் கறுத்த இடத்தில் அவன் குதிகால்களும் போய்ச் சாய்ந்தன. சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்து பிடரியில் விழுந்துகொண்டிருந்தது.