காத்தான் வயலில் இத்தாலிப் பாட்டு

திருக்காட்டுப்பள்ளிக்குத் தெற்கே ஒரு ஏக்கர் வயல். எழுபதுகளில் அரசாங்கம் அதை உபரி நிலமென்று எடுத்து, அம்சத்தின் தாத்தா காத்தானுக்குப் பட்டா கொடுத்தது. பட்டா தகரப் பெட்டியில் இருக்கிறது. நிலம் பண்ணையார் வீட்டுக் கையில் இருக்கிறது. நடுவில் கோர்ட்டுத் தடையாணை. எத்தனையோ ஆட்சி மாறிவிட்டது, தடையாணை மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. காத்தான் அந்த வயலைக் கூலிக்கு உழுதே செத்தார். மருமகள் நீலாம்பாள், அம்சத்தின் அம்மா, கூலிக்கு நட்டே இடுப்பொடிந்தாள். அம்சம் மட்டும், எங்கள் வயலில் நான் கூலிக்கு இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள், பாஷை தெரிந்தால் போதும் என்று கேள்விப்பட்டாள். வகுப்புக்குப் போக வசதியில்லை. போனில் இத்தாலிப் பாட்டுகளைப் போட்டாள். நடவுப் பாட்டு அவளுக்கு வந்ததும் அப்படித்தானே, ஒருத்தி பாட, பின்னால் சொல்லிச் சொல்லி. ஆறு மாதத்தில் ஒரு நோட்டு நிறைந்தது. நெஞ்சு, நிலா, முத்தம், கண்ணீர். ‘மியோ’ என்றால் ‘என்னுடையது’. அது வராத பாட்டே இல்லை.

அந்த வேலைக்குத் திருச்சியில் பரீட்சை வைத்த அம்மாள் கேட்டார். “பெரியவர் பாத்ரூம்ல விழுந்துட்டார். முழங்கால் வீங்கியிருக்கு. டாக்டருக்கு இத்தாலியில போன் பண்ணிச் சொல்லும்மா.”

அம்சம் மனதுக்குள் நோட்டை முழுக்கப் புரட்டினாள். முழங்கால் இல்லை. வீக்கம் இல்லை. எந்தக் காதல் பாட்டில் எவனுக்கு முழங்கால் வீங்கியது? “நெஞ்சு... கண்ணீர்...” என்று இத்தாலியில் ஆரம்பித்தாள்.

அந்த அம்மாள் பேனாவை மூடினார். “பெரியவரைத் தூக்கிவிட ஆள் கேட்டாங்கம்மா. காதலிக்க இல்ல.”

சம்பா நடவுக்கு, அம்மாவுக்குப் பதிலாக அம்சம் வயலில் இறங்கினாள். பண்ணையாரின் காரியக்காரர் பஞ்சநதம் குடை பிடித்து வரப்பில் நின்றார்.

“வந்துட்டியா? இத்தாலிப் பாட்டு ஒண்ணு எடுத்து விடேன், கேப்போம்.”

அம்சம் நாற்றுமுடியைப் பிரித்துக்கொண்டே பாடினாள். பன்னிரண்டு பெண்களும் பின்னுக்கு நகர்ந்து நட்டபடி, காத்தானின் வயல் முழுக்க “மியோ, மியோ” என்று திருப்பிப் பாடினார்கள். பஞ்சநதம் தலையை ஆட்டி ரசித்தார்.

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த ரெங்கம்மாள் கேட்டாள். “நல்லாருக்குடி. மியோன்னா என்னா?”

அம்சம் வரப்பை ஒரு தரம் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லக்கா. சும்மா பாட்டுக்கு வர்றது” என்று சொல்லிவிட்டு, அடுத்த நாற்றைச் சேற்றில் ஊன்றினாள்.