எருத்தேன்பதியில் தாமசம்

கத்தரீனாள் வீட்டில் ஏற்றிய மெழுகுவத்திகள் ஏழு வருடம் உருகவில்லை. மஞ்சக்கல் எஸ்டேட் மூன்றாவது டிவிஷனில், பதினோராம் லயத்தின் கடைசி வீடு அது. 2018 டிசம்பர் இருபத்துநான்காம் தேதி மாலை ஏற்றிய நாற்பத்துமூன்று வத்திகளும் போன நவம்பர் வரை அதே உயரத்தில் நின்றன. காலையில் கொழுந்தெடுக்கக் கிளம்பும்போது ஊதி அணைப்பாள். மாலை ஆறு மணிக்கு மறுபடி ஏற்றுவாள். ஒரு வத்தி நான்கு மணி நேரம் எரியும் என்றுதான் பாக்கெட்டில் அச்சடித்திருந்தது.

அந்த வருடம் ஆகஸ்ட் மழை மலையைப் பெயர்த்துப் போட்ட பிறகு எஸ்டேட் ஜீப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதை ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் ஆசீர்வாதம், கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு தேங்காய் மண்டியில் லாரி ஓட்டப் போனான். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். பிள்ளையில்லாத வீடு. டிசம்பர் மூன்றாம் வாரம் கம்பியில் மரம் விழுந்து லயம் முழுக்கக் கரண்ட் போனது. ஸ்டார் கட்டவும் சீரியல் பல்பு போடவும் வழியில்லை. கத்தரீனாள் டவுனுக்குப் போய் எட்டுப் பாக்கெட் மெழுகுவத்தி வாங்கிவந்தாள். ஐந்து உடைந்திருந்தன. மிச்சத்தை ஜன்னல் கட்டையிலும், பாத்திர அலமாரியிலும், தையல் மெஷின் மேலும், கவிழ்த்த டம்ளர்களின் மேலும், மாதா படத்தைச் சுற்றியும் நிறுத்தினாள். ஒவ்வொன்றின் பின்னாலும் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் வெள்ளித்தாளை வெட்டி வைத்தாள். ஏற்றிப் பார்த்தபோது ஒன்று இரண்டாகத் தெரிந்து, அந்தப் பத்துக்குப் பத்து அறை கல்யாண வீடு போல் இருந்தது.

ஏற்றுவதற்கு முந்தின நாள் அவன் போன் எடுக்கவில்லை என்று மண்டிக்கு அடித்திருந்தாள். வாட்ச்மேன் எடுத்து, “ஆசீர்வாதம் இவிட இல்லல்லோ சேச்சி. எருத்தேன்பதியிலா இப்போ தாமசம்,” என்றான். தாமசம் என்றால் மலையாளத்தில் குடியிருப்பது; தமிழில் தாமதம். கத்தரீனாள் இருபது வருடமாக மலையாளி சூப்பர்வைசரின் கீழ் வேலை செய்தவள். அவள் போனை வைத்துவிட்டு வெளியே வந்து, பக்கத்து வீட்டு எப்சிபாவிடம், “எருத்தேன்பதியில தாமசமாம் மதினி. வந்துருவாக,” என்றாள். எப்சிபா அவள் முகத்தைப் பார்த்தாள். “லோடு ஏத்த நேரமாகியிருக்கும்,” என்றாள். அன்று பொழுது சாய்வதற்குள் பதினோராம் லயம் முழுவதும் அந்தச் சொல்லைத் தமிழாகவே எடுத்துக்கொள்வது என்று பேசாமலே முடிவாகிவிட்டது.

கிறிஸ்துமஸ் அன்று வத்திகள் குறையவில்லை. புது வருடத்திலும் குறையவில்லை. கரண்ட் வந்த பிறகும் அவள் சுவிட்சைத் தொடவில்லை. எதிர்வீட்டு மூக்கம்மாள் கார்த்திகைக்கு ஒன்றை வாங்கிப் போனாள். அது அவள் வீட்டில் ஒழுங்காக உருகித் தீர்ந்தது. கத்தரீனாள் அந்த இடத்தில் புதிதாக ஒன்று வாங்கி வைத்தாள். அதுவும் மற்றவை போல் நின்றுவிட்டது. பங்குச் சாமியார் ஸ்கேலுடன் வந்து ஒரு மாலை முழுக்க அளந்து பார்த்துவிட்டு, தப்பொன்றும் இல்லை, திரைச்சீலை மட்டும் கவனம் என்று சொல்லிப் போனார். அந்த வீட்டில் தோசைமாவும் புளிப்பதில்லை. அரைத்த மாவை எப்சிபா வீட்டில் ஒரு ராத்திரி வைத்துத்தான் எடுத்துவருவாள். “எங்க வீட்டுல நாளு நகருதுல்ல, அதான்,” என்று எப்சிபா கேலி செய்வாள். கத்தரீனாள் மாவுச் சட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். வத்தி குறையாதவரை அவன் வராதது ஒரே ஒரு சாயங்காலத்துத் தாமதம்தான். ஒரு சொட்டு விழுந்தால் அவள் புருஷன் விட்டுப்போனவள். ஆகவே வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு வத்தியின் அடியையும் விரலால் தடவிப் பார்ப்பாள். இரண்டு தட்டு எடுத்து வைப்பாள். ஒன்றில் சாப்பிட்டு இரண்டையும் கழுவுவாள்.

போன நவம்பர் ஒரு சனிக்கிழமை, உடுமலை பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு பெண் லயத்தில் விசாரித்து விசாரித்து ஏறி வந்தாள். நாற்பது வயதிருக்கும், கையில் ஒயர்க்கூடை. அப்போதுதான் கத்தரீனாள் வத்திகளை ஏற்றி முடித்திருந்தாள்.

“ஏனுங்க, கத்தரீனாக்கா ஊடு இதுங்களா? நான் முத்தாத்தாளுங்க. எருத்தேன்பதி.”

கத்தரீனாள் உள்ளே வரச் சொன்னாள். முத்தாத்தாள் உட்காரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

“இத்தன வெளக்கு வெச்சிருக்கறீங்க. ஆளு உள்ள இல்லீங்களா?”

“எந்த ஆளு?”

“அவருதானுங்க. போன வருசம் தை மாசம், மலைக்குப் போயிட்டு வந்தர்றேன்னு சொல்லிப்போட்டுப் போனாருங்கக்கா. சரி, அவரு ஊட்டுக்குத்தான போறாருன்னு உட்டுட்டேன். சண்டைக்கு வரலீங்க. இருக்கறாரா இல்லையான்னு மட்டும் சொல்லிப்போடுங்க, போயர்றேன்.”

தாமசமாகும் என்று சொல்லியிருக்கலாம். ஏழு வருடம் சொல்லிப் பழகிய வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் இந்தப் பெண்ணும் திரும்பிப் போய், தன் வீட்டில் எதையாவது ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கத்தரீனாள் நின்றபடியே முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“அவரு இங்க தாமசமில்ல,” என்றாள், வாட்ச்மேன் சொன்ன அர்த்தத்தில். “இந்த வாசலுக்கு வரவே இல்ல. அங்க உங்கூட இருக்காருன்னு அன்னிக்கே எனக்கு வெளங்கிருச்சு. வெளங்காத மாதிரி இருந்துக்கிட்டேன்.”

தையல் மெஷின் மேலிருந்த வத்தி முதலில் சொட்டியது. பிறகு எல்லாம். ஏழு வருடத்து மாலைகளின் மெழுகும் சேர்ந்து இறங்கியது. அலமாரி வழியாக வழிந்து, ஜன்னலிலிருந்து கொட்டி, கால் மணி நேரத்தில் அறை முழுக்கக் கணுக்கால் அளவுக்கு நின்றது. சூடு இல்லை, ஆறின கஞ்சியின் வெதுவெதுப்புதான். இருவரும் எதிரெதிரே நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது உறைந்து காலைப் பிடித்துக்கொள்ளும்வரை. திரிகள் அணைந்தன. கத்தரீனாள் சாய்ந்து கையை நீட்டிச் சுவிட்சைப் போட்டாள். பல்பு எரிந்தது.

பேச்சுச் சத்தம் கேட்டு வந்த எப்சிபா வாசலிலேயே நின்றுவிட்டாள். “சக்களத்தி ரெண்டு பேரையும் ஒரே பாத்தியில நட்டுட்டாரே ஆண்டவரு! அசையாதீகடி, கடப்பாரை எடுத்தாரேன்.”

முத்தாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்தரீனாள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளும் சிரித்தாள். சிரித்து முடித்து அழுதாள். கடப்பாரை தேவைப்படவில்லை. எப்சிபா தேங்காயெண்ணெயைக் கணுக்காலைச் சுற்றி ஊற்றி ஒவ்வொரு காலாக உருவி எடுத்தாள். முத்தாத்தாள் மறுநாள் முதல் பஸ்ஸில் போனாள். போகும்போது ஒருவரிடம் ஒருவர் போன் நம்பர் கேட்டுக்கொள்ளவில்லை.

மெழுகைச் செதுக்க எஸ்டேட் ஆபீஸ் இரண்டு ஆட்களை அனுப்பியது. மண்வெட்டி வழுக்கியதே தவிர ஒன்றும் பெயரவில்லை. தரை உயர்ந்துபோனதால் வீட்டின் கதவை அடியில் அறுத்துச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்போது அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். அறை நடுவில் நான்கு பாதக் குழிகள், இரண்டு இரண்டாக, எதிரெதிரே இருக்கின்றன. சாரல் அடிக்கும் நாளில் அவற்றில் தண்ணீர் நிற்கும். கத்தரீனாள் துணியால் ஒற்றி எடுப்பாள். வேலை முடிந்து வந்ததும் தன் குழிகளில் கால் வைத்து நின்றுதான் டீ குடிக்கிறாள். கால் சரியாகப் பொருந்துகிறது. யாராவது வந்தால், எதிரே இருக்கிற இரண்டையும் மிதிக்காமல் சுற்றி வரச் சொல்கிறாள்.